மூடுபனியில் மறைந்த சின்னப் படகு

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கும் நாங்கள், போன கோடையில் மெய்ன் மாநிலத்தின் தீவுகள் நிறைந்த விரிகுடா ஒன்றில் மூன்று நாள் பாய்மரக் கப்பலில் சுற்றினோம். இரண்டாம் நாள் காலை கப்பல் நங்கூரமிட்டிருந்தபோது, என் கணவர் சின்னத் துடுப்புப் படகை எடுத்துக்கொண்டு எதிரே தெரிந்த தீவுக்குக் கிளம்பினார். "ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன், நீ காபி குடி" என்றார்.

நான் குடித்து முடிப்பதற்குள் மூடுபனி இறங்கிவிட்டது. தீவும் மறைந்தது, படகும் மறைந்தது. "அம்மா, வேர் இஸ் அப்பா?" என்று மகள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

கேப்டன் கப்பல் மணியை விடாமல் அடித்தார். நான் "ஏங்க! ஏங்க!" என்று கத்தினேன். அப்போது பனிக்குள் எங்கேயோ ஒரு மோட்டார் படகு போகும் சத்தம் கேட்டது. அது அவர்மேல் மோதிவிட்டால்? கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக "முரளி! முரளி!" என்று பெயர் சொல்லி அலறினேன்.

"இங்க இருக்கேன்! கத்திட்டே இரு!" என்று அவர் குரல் கேட்டது.

படகு கப்பலில் வந்து இடித்த பிறகுதான் அவர் முகமே தெரிந்தது. குளிரில் பற்கள் தந்தியடித்தன. "சுத்தி நிக்கிற எல்லா கப்பல்லயும் மணி அடிக்கிறாங்க. எது நம்மளுதுன்னு தெரியாம வெளிக்கடல் பக்கம் போயிட்டிருந்தேன். என் பேரைக் கேட்டப்புறம்தான் இந்தப் பக்கம் திரும்பினேன்" என்றார்.

இப்போதெல்லாம் படகில் ஏறினால் மூவர் கழுத்திலும் விசில் இருக்கும். பனி வருமா என்று கேட்காமல் யாரும் தனியே போவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும் நான் நிறுத்தவில்லை.