அம்மாக்கண்ணு தேத்தண்ணியை விட்ட கதை

றொசல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாய் நீண்ட பெண்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களிலும் அம்மாக்கண்ணு தனி ரகம். பெய்கிற மழையோடும் சண்டைக்குப் போவாள். அப்படிப்பட்டவள் ஒரு விஷயத்தில் மட்டும் வாயைத் தைத்துக்கொண்டிருந்தாள். கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன புருஷன் வீரய்யா எச்.ஐ.வி. கிருமியோடு திரும்பி வந்து செத்துப்போனான். அதே கிருமி அவள் இரத்தத்திலும் இருந்தது. வெளியே தெரிந்தால், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் யாரும் அண்டவிடமாட்டார்கள் என்று பயந்தாள். மகள் வினோதா அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். அவள் ஆளாகும்வரையாவது தான் உயிரோடு இருக்க வேண்டும். வேறு வேண்டுதல் அவளுக்குக் கிடையாது.

2001இல் கொழும்புக் கிளினிக்கில் ஆராய்ச்சிக்கென்று இரத்தம் எடுத்தார்கள். எடுத்த டொக்டர் ஜெயமலர் யாழ்ப்பாணத்துக்காரி, எதையும் பூசி மெழுகத் தெரியாதவர்.

"ஒக்சிசனாலயும் உடம்புக்குச் சேதம் வரும், அம்மா. உங்கட இரத்தத்தில அந்தச் சேதத்தின்ர அடையாளம் கூடுதலா இருக்கு. அது கூடின ஆக்கள் கனகாலம் தாங்கிறது குறைவு."

"கசங்குன கொழுந்து காத்துப்பட்டுச் செவக்குமே, அந்த மாதிரிங்களா?"

"ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான்."

அந்த 'ஓம்'தான் வினையாகிப் போனது. கொழுந்தைக் கசக்கிச் சிவக்கவைத்துத்தானே தேயிலைத் தூள் ஆக்குகிறார்கள்? கெட்ட இரத்தத்தில் இன்னும் சிவந்ததை ஊற்றுவதா என்று அவளாகவே தீர்ப்புச் சொல்லிக்கொண்டாள். மலையில் வேலைக்கு நடுவே தேத்தண்ணி வந்தால் முகத்தைத் திருப்பினாள். பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கும் சண்முகவடிவு, "பெரிய துரைசாணி ஆயிட்டா" என்று நொடித்தாள். அம்மாக்கண்ணு பச்சைக் கொழுந்தை மடியில் கட்டிக்கொண்டு போய், வீட்டில் அவித்துக் குடித்தாள்.

தோட்டத்தில் கொழுந்தை மடியில் கட்டினால் அதற்குப் பெயர் களவு. ஒருநாள் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு பிடித்துவிட்டார். மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டில் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

"களவுக்குப் பேர் வெட்டணும். நீ என்னா சொல்ற?"

பேர் வெட்டினால் வேலையும் போகும், லயத்து அறையும் போகும். வினோதா எங்கே போவாள்? பொய் சொல்லத்தான் நினைத்தாள். வாய் கேட்கவில்லை.

"கள்ளின்னு மட்டும் சொல்லாதீங்கய்யா. எம் புருஷனுக்கு இருந்த எய்ட்ஸ் கிருமி எனக்கும் இருக்குங்க. ரத்தம் ரொம்ப நாள் தாங்காதுன்னுட்டாங்க. செவந்த தேயில ஆகாதுன்னுதான் பச்சக் கொழுந்து குடிச்சேன். புள்ளைக்காக நான் உசிரோட இருக்கணும்ங்க!"

கூட்டம் பின்னுக்கு நகர்ந்தது. சண்முகவடிவு மட்டும் நகரவில்லை. தன் போத்தல் தேத்தண்ணியை மூடியில் ஊற்றி, ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை நீட்டினாள்.

"அடி கூறுகெட்டவளே! இதுக்கா எங்கிட்ட மூஞ்சியத் திருப்புன? தேத்தண்ணியில சாவு வந்தா இந்தத் தோட்டத்துல ஒருத்தி மிஞ்சுவாளா? குடிடி!"

அம்மாக்கண்ணு அழுதுகொண்டே குடித்தாள். அதே மூடியில் சண்முகவடிவு மறுபடி ஊற்றிக் குடித்தாள். கண்டாக்கு தொண்டையைக் கனைத்து, "சரி சரி, மலைக்குப் போங்க" என்றார். பேர் வெட்டவில்லை.

தேத்தண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒரே மூடியில் குடித்தால் தொற்றவும் தொற்றாது என்று ஜெயமலர் பிறகு தலையில் அடித்துக்கொண்டு விளக்கினார். அதற்காக லயம் ஒரே நாளில் திருந்திவிட்டது என்றால் அது சுத்தப் பொய். அதே லயத்து அழகுமுத்துவின் பெண்சாதி குழாயடியில் அம்மாக்கண்ணுவின் குடத்துக்கு எட்டத் தன் குடத்தைத் தள்ளித்தான் வைத்தாள். சில வருடங்களில் அரசாங்க மருந்து இலவசமாகக் கிடைத்தது. அம்மாக்கண்ணு ஒரு வேளையும் தவறவில்லை. தவற அந்தப் பெண்கள் விட்டால்தானே! "மாத்திர போட்டியாடி?" என்று மலையே கேட்கும்.

2009இல் ஜெயமலர் மறுபடியும் இரத்தம் பார்த்தார்.

"சேதம் நல்லாக் குறைஞ்சிட்டுது. அப்ப நான் நம்பிக்கை இல்லாமல்தான் இருந்தனான். நீங்கள் வென்றிட்டியள், அம்மா."

"வர்ற மாசம் வினோதாவுக்குச் சடங்குங்க. ஆளாயிட்டா. நீங்க கட்டாயம் வரணும் டாக்டரம்மா. தேத்தண்ணி நாந்தான் ஊத்துறேன்."

ஜெயமலர் வந்தார். அம்மாக்கண்ணு தன் கையாலேயே ஊற்றினாள், லயமே வாங்கிக் குடித்தது. அழகுமுத்துவின் பெண்சாதி இரண்டாம் தடவையும் கோப்பையை நீட்டினாள்.