தகட்டில் விழுந்த பரு

மேஸ்திரி, நீ பொய்யன். பித்தளைத் தகட்டைக் கெடுத்தவன் நீ. பழியை என் தலையில் போட்டவனும் நீ.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. அம்பத்தூரில் இருந்த தகட்டுப் பட்டறைக்கு நான் மேனாம்பேட்டிலிருந்து நடந்து வருவேன். எங்கள் தெருவில் எல்லாரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்கள். அந்தத் தெருவிலிருந்து பட்டறைக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவில் பித்தளைப் பாளத்தைக் கொடுப்பது என் வேலை. பாளம் நசுங்கித் தகடாக நீளும். நசுங்க நசுங்கப் பித்தளை விறைத்துக்கொள்ளும். உலையில் காய்ச்சி இளக்காமல் மறுபடி கொடுத்தால் ஓரம் வெடித்துவிடும். அந்தப் பக்குவம் எனக்குப் பிடிபட்டிருந்தது. என் தகட்டில் முகம் பார்க்கலாம்.

ஆயுத பூசைக்குப் பிறகு வந்த தகடெல்லாம் பரு. தடவினால் கையில் நெருடியது. பாத்திரம் அடிக்கிறவர்கள் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். சுத்தியல் பட்டதும் பரு இருந்த இடத்தில் கீறல் விடுகிறதாம்.

நீ முதலாளியிடம் என்ன சொன்னாய்?

"பூஜ போட்ட மிஷின இவன் தொட்டு தொடச்சான் மொதலாளி. தீட்டாய்ட்ச்சி. இனிமே அந்தத் தெரு ஆளுங்களே வாணாம்."

துடைப்பது என் வேலை. அன்றைக்கென்று பார்த்து, எங்கள் தெரு ஆட்கள் சிலர் வேலை கேட்டு வாசலில் நின்றிருந்தார்கள். நீ சொன்னது அவர்கள் காதிலும் விழுந்தது.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு தகட்டை இழுத்துத் தரையில் விரித்தேன்.

"மொதலாளி, வந்து பாருங்க. பரு எல்லாம் ஒரே வரிசைல கீது. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் ஒரே தூரம்."

கயிற்றை எடுத்து மேல் உருளையைச் சுற்றி அளந்தேன். அந்தக் கயிற்றைத் தகட்டில் வைத்தேன். ஒரு பருவிலிருந்து அடுத்த பருவுக்குச் சரியாக இருந்தது. உருளை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு பரு.

உலை பார்க்கிற அண்ணாத்தே சிரித்துவிட்டார். "இன்னா மேஸ்திரி, தீட்டு அளவெடுத்துகினு வந்தா ஒக்காருது?"

துடைத்தும் போகாமல் உருளையில் ஒட்டியிருந்த சந்தனக் கறையைச் சுரண்டினேன். உளுந்து அளவுக்கு ஒரு பள்ளம். பள்ளத்தில் பித்தளை ஏறினால் பருவாகத்தானே வரும்?

பள்ளம் எப்படி வந்தது? பூசையன்று திருஷ்டிக்கென்று எலுமிச்சம்பழத்தை உருளைக்குள் விட்டு நசுக்கினாயே, அதில் வந்தது. அந்தப் பழத்தையும் மிளகாயையும் கோக்கும்போது உன் கோணி ஊசி முறிந்தது. முனையைக் காணோம் என்று நீ திட்டிக்கொண்டே தேடியதை எல்லாரும் பார்த்தோம். உருளைக்குக் கீழே எண்ணெய் வடியும் தட்டில் கையை விட்டேன். காய்ந்த எலுமிச்சைத் தோல் வந்தது. அதில் குத்தியபடி ஊசி முனை.

முதலாளி அதை வாங்கி உன் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது இன்னாய்யா?"



பள்ளம் மறையும்வரை உருளையைக் கடைசல் பிடித்துத் தேய்த்து மாட்டினார்கள். முதல் தகட்டை நான்தான் கொடுத்தேன். வெயிலில் தகதகவென்று வந்தது. வாசலில் நின்றவர்களை முதலாளி உள்ளே கூப்பிட்டார். என் கை பட்ட அதே உருளையைத் தொட்டுத்தான் அவர்கள் வேலை பழகினார்கள். ஜெயித்தோம்.

நீ மட்டும் இன்றைக்கும் டீக்கடையில் தீட்டுக் கதையை அளக்கிறாயாம். அங்கே வேண்டாம். சந்தை கூடும் நாளில் நடுவில் வந்து நில். ஊர் கேட்க, உரக்கப் பதில் சொல்: அந்த ஊசி யாருடையது?