எல்லாரும் அடிக்கோடு போட்ட வரி

என் புத்தகத்தை வாசித்துவிட்டுக் கொழும்பிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். தோட்டத் தொழிலாளர் லயத்தில் ஒரு ரொட்டியை மூன்றாகப் பிய்த்துத் தின்ற அத்தியாயத்தைத் தன் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினாராம். "இப்ப ரெண்டு பேரும் சோத்த மிச்சம் வைக்கிறதே இல்லைங்க சேர். ரொம்ப நன்றி" என்றார். நானும் நன்றி சொன்னேன். தொலைபேசியை வைத்த பிறகுதான் பற்றிக்கொண்டு வந்தது. நாங்கள் பட்டினி கிடந்தது அவர் வீட்டுப் பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடுவதற்காகவா?

நான் மலையகத்தில், கொட்டகலையில் வாத்தியாராக இருக்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில், டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்ததைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினேன். அதற்கு இத்தனை பேர் எழுதுவார்கள், பேசுவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை. வந்ததில் பாதியை அன்றைக்கே கிழித்துப் போட்டிருக்க வேண்டும்.

கனடாவிலிருந்து ஓர் அம்மா பழைய உடுப்பு அனுப்புவதற்கு விலாசம் கேட்டிருந்தார். யாருக்கு என்று கேட்டேன். "பொதுவா அங்க இருக்கிறவங்களுக்கு" என்று பதில் வந்தது. நுவரெலியாவுக்குச் சுற்றுலா வந்துபோன இன்னொருவர், இவ்வளவு அழகான இடத்தில் வாழ்ந்தும் பனியைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதவில்லையே என்று குறைப்பட்டார். பனியில் வெறுங்காலோடு நடந்து பாதம் வெடித்து இரத்தம் கசிந்ததை நான்கு பக்கம் எழுதியிருக்கிறேன். அவர் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போயிருப்பார். நோட்டன் பிரிட்ஜிலிருந்து பேசிய ஒருவர் மட்டும் சண்டைக்கே வந்துவிட்டார். "நீங்க கடைப் பாணும் பருப்பும் தின்னுருக்கீங்க. இதுக்குப் பேரு வறுமையா?" என்று கத்தினார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அத்தனை பேரில் அவர் ஒருவர்தான் என்னைச் சரிசமமாக வைத்துப் பேசினார்.

மற்ற எல்லாருக்கும் பிடித்தது ஒரே வரி. புத்தகத்தின் நடுவில் வருகிறது: "அன்று அக்கா தன் புத்தகப் பையை ஆணியில் மாட்டினாள். தம்பி படிக்கட்டும் என்று, மறுநாள் கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டாள்." அதைப் படம் எடுத்து அனுப்பினார்கள். கீழே சிவப்பிலும் நீலத்திலும் கோடு. யாரோ அதைப் பேஸ்புக்கில் போட்டார்கள். பின்னால் தேயிலை மலை, மலையில் ஒரு பெண், அவள் பல் தெரியச் சிரிக்கிறாள். வாசித்து அழுதேன் என்று எழுதினார்கள். இப்படி ஓர் அக்கா கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள்.

ஹட்டனில் இருக்கும் வாசகர் வட்டமொன்று என் புத்தகத்துக்குக் கூட்டம் வைத்தது. அதன் செயலாளர், ஓய்வுபெற்ற அதிபர், நல்ல மனிதர்தான், வீட்டுக்கே வந்து சொன்னார். "அந்தத் தியாகத் திருமகளுக்கு மேடையில வச்சிப் பொன்னாடை போர்த்தணும் சேர். கட்டாயம் கூட்டிட்டு வாங்க." எனக்கும் பெருமையாக இருந்தது. அதை மறைத்து என்ன செய்ய?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் போனேன். அம்மா அப்பா போன பிறகும் அதே லயம், கடைசி அறையான அதே தொங்கல் காம்பரா. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாகத்தான் இருக்கிறாள். இன்றைக்கும் மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கிறாள். புத்தகம் வந்த வாரமே கையெழுத்துப் போட்டு ஒரு பிரதி கொடுத்திருந்தேன். அதற்கப்புறம் அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வாசிக்க நேரம் இருந்திருக்காது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

வாசல் இஸ்தோப்பில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். கூட்டத்தைப் பற்றி, பொன்னாடையைப் பற்றிச் சொன்னேன். உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்தாள். பள்ளிக்கூடப் புத்தகத்துக்குப் போடுவது மாதிரி பழைய பத்திரிகைத் தாளில் உறை போட்டிருந்தாள். ஒரு பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். அதே வரிதான். அடிக்கோடு இல்லை. அதன்மேல் சிவப்புப் பேனையால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி. என் மாணவர்களின் கொப்பியில் நான் போடுகிற அதே குறி.

"என்னக்கா இது?"

"பிழை."

"எது பிழை?"

"நான் எங்கடா பைய மாட்டுனேன்? புடுங்குனாங்க."

அவள் விடவில்லை.

"படிக்க மாட்டேன்னு நான் சொன்னேனா? தம்பி படிக்கட்டும்னு சொன்னேனா? என்னையக் கேட்டாங்களா? என் கணக்குக் கொப்பியில மிச்சம் இருந்த தாள்ல நீ எழுதுனியே, அத ஏன் எழுதல?"

நடந்தது இதுதான். அம்மா மழையில் மலையில் சறுக்கி விழுந்து இடுப்பு போய், டிக்கோயா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பாயில் கிடந்தாள். வீட்டில் இன்னொருவர் வேலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. அக்காவுக்குப் பதினைந்து வயது. வகுப்பில் முதல் பிள்ளை. அடுத்த வருடம் சாதாரணதரப் பரீட்சை எழுத வேண்டியவள். எனக்குப் பத்து வயது, படிப்பு சுமார்தான். அப்பா முதலில் என்னைத்தான் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்கு அனுப்பப் பார்த்தார். பேச்சு ஒரு வாரம் நடந்தது. பிறகு தோட்டத்தில் ஆள்களை மேய்க்கும் கங்காணி வந்து இஸ்தோப்பில் நின்றுகொண்டு, "மூத்த புள்ள வளந்துருச்சே, தோட்டத்துல பேர் பதிங்க. அப்புறம் என்ன?" என்றார். அப்பா தலையாட்டினார். அவ்வளவுதான். அக்கா பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அப்பா இழுத்தார். வார் அறுந்தது. அவள் விடாததால் அடித்தார். பை பிறகு என்னிடம் வந்தது.

இதில் ஒன்றையும் நான் மறந்திருக்கவில்லை. எழுதும்போது அப்பாவைக் கெட்டவராக்க மனம் வரவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்ச் சமாதானம்.

"இன்னொன்னும் விட்டுட்ட" என்றாள் அக்கா. "அந்த ஒரு வாரமும் ராவுல சாமிப் படத்துக்கு முன்னால நின்னு என்னா கும்புட்ட?"

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அக்காவையே அனுப்புங்க சாமின்னு கும்புட்ட. எனக்குக் கேட்டுச்சி. அந்தக் காம்பராவுல எதுடா கேக்காம இருக்கும்?"

அவள் அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. இத்தனை வருடம் அதைத் தெரிந்துவைத்துக்கொண்டுதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், என் கலியாணத்துக்கு ஓடியாடி வேலை செய்திருக்கிறாள். கூட்டத்துக்கு வரமாட்டாள் என்று நினைத்தேன். "வர்றேன்" என்றாள். "வந்து என் வாயால சொல்றேன்."

அவளை மேடையில் நடு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். என் வரியைப் பெரிய எழுத்தில் அச்சடித்துப் பின்னால் தொங்கவிட்டிருந்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள். ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார் செயலாளர். அக்கா மைக்கைப் பிடித்தாள்.

"நான் தியாகம் எதுவும் செய்யலீங்க. எனக்குப் படிப்பு நல்லா வந்துச்சி. என்னைய நிப்பாட்டிட்டாங்க. நான் அழுதேன், அடிச்சாங்க. தம்பி எழுதுனது தப்பு."

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். செயலாளர் மைக்கை வாங்கி, "பார்த்தீங்களா, என்ன ஒரு தன்னடக்கம்! செய்த தியாகத்தத் தியாகம்னுகூட ஒத்துக்க மாட்டேங்கிறாங்க. இதுதாங்க நம்ம மலையகப் பெண்!" என்றார். மறுபடியும் கைதட்டல்.

தமிழில்தானே சொன்னாள்? அடித்தார்கள் என்று ஒருத்தி மேடையில் நின்று சொல்கிறாள், அதற்குக் கைதட்டுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அழுவதற்கு ஓர் அக்கா. எதிரில் நின்று பேசிய அக்கா அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

அவர்களைத் திட்டி என்ன? அடுத்தது என் முறை. மைக் என் கையில் இருந்தது. அவள் சொன்னது தன்னடக்கம் இல்லை, உண்மை என்று ஒரே வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. அந்தக் கைதட்டலில் எனக்கும் பங்கு இருந்தது, அது இதமாகவும் இருந்தது. எல்லாருக்கும் நன்றி கூறி உட்கார்ந்தேன். கொழும்புக்காரருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் எங்கள் பசியைப் பிள்ளைகளுக்குச் சோறூட்டப் பாவித்தார். நான் அக்காவின் அழுகையை எனக்குப் பேர் வாங்கப் பாவித்தேன்.

டிக்கோயா பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் பொன்னாடையை நான்காக மடித்து என் மடியில் வைத்தாள்.

"இத நீயே வச்சிக்க."

"ஒனக்குப் போட்டதுக்கா."

"எனக்கு இல்ல. நீ எழுதுன அக்காவுக்குப் போட்டாங்க. அவகிட்டயே குடுத்துரு."

தோட்டத்துச் சந்தியில் பஸ் நின்றதும் இறங்கிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று தடவை போனேன். தேத்தண்ணி கொடுக்கிறாள், பிள்ளைகளை விசாரிக்கிறாள். புத்தகம் என்ற பேச்சை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுகிறாள்.

இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. பதிப்பாளர் அந்த வரியைப் பின்னட்டையில் போடலாமா என்று கேட்டார். வரியையே எடுக்கச் சொன்னேன். "அத எடுத்தா புத்தகம் செத்துப்போகும் சேர். சனங்க அதுக்காகத்தான் வாங்குறாங்க" என்றார். சாகட்டும் என்றேன். அந்த இடத்தில் போட வேண்டியதை அன்று மாலையே எழுதி அனுப்பினேன்: "அக்காவின் பையை அப்பா பிடுங்கினார். பிடுங்க வேண்டும் என்று நான் ஒரு வாரமாகச் சாமியைக் கும்பிட்டிருந்தேன்."