பொட்டி மேல் போட்ட பழி

விருத்தாசலத்தில் பீங்கான் சூளை வைத்திருக்கிற யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள். மிஷின் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவீர்கள் என்றால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை, ஊர் சொல்கிறது. ஊர் சொல்ல மறந்த நாட்களில் நானே சொல்லியும் இருக்கிறேன். அதில் என்ன வெட்கம்?

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் கணக்குத் தீர்ந்தது. மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் சேர்ந்து, பிறகு ஜங்ஷன் ரோட்டில் என் பெயரிலேயே கடை போட்டேன். கம்மாபுரம், நல்லூர், திட்டக்குடி வரைக்கும் கிணற்று மோட்டார் எல்லாம் என் கை பட்டதுதான். ஆனால் நான் இங்கே எழுத வந்தது மோட்டாரைப் பற்றி இல்லை. செல்போன் எல்லோர் சட்டைப் பைக்கும் வந்துகொண்டிருந்த வருஷங்களில் எங்கள் ஊர்ச் சூளைகளுக்கு இன்னொன்றும் வந்தது. பி.எல்.சி. என்பார்கள். அதற்கு முன்னால் சுவர் முழுக்க ரிலேக்கள் டக் டக்கென்று அடித்துக்கொண்டு செய்த வேலையை, இரண்டு செங்கல் அளவு உள்ள ஒரு பெட்டி சத்தமே இல்லாமல் செய்தது.

முதல் முதலில் அதைத் திறந்து பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். மேலே ஒரு வரிசை சின்ன விளக்குகள், கீழே ஒரு வரிசை. நின்று பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன். மேல் வரிசை பெட்டியின் காது. வெளியே இருக்கிற சுவிட்சும் சென்சாரும் சொல்கிற சேதி அங்கே விளக்காக எரியும். கீழ் வரிசை அதன் வாய். மோட்டாரை ஓட்டு, வால்வைத் திற என்று அது போடுகிற உத்தரவு அங்கே எரியும். காதில் என்ன விழுகிறது, வாய் என்ன சொல்கிறது, இதைப் பார்க்கத் தெரிந்தவனுக்குப் பாதி வைத்தியம் முடிந்தது. ஊரில் மற்றவர்களுக்கு அது புரியவில்லை. எது நின்றாலும் ஒரே பேச்சு: "பொட்டி போயிடுச்சு." பாவம், அந்தப் பெட்டி எத்தனை பேர் பழியைச் சுமந்தது தெரியுமா?

அப்படிப் பழி சுமந்த ஒரு நாளைச் சொல்கிறேன்.

கம்மாபுரம் பக்கத்து விவசாயி ஒருவர். என்னைவிடச் சின்னவர், என்னை அண்ண என்பார். நிலம் முழுக்கப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது. வந்த பணத்தை வைத்து ஊருக்கு வெளியே ஒரு பழைய டனல் சூளையை வாங்கிப் பிரித்துக் கொண்டுவந்து கட்டினார். மின்சாரத்துக்குப் போடுகிற பீங்கான் பியூஸ் கேரியர் சுடுவதற்கு. "என் நெலம் இப்ப இங்கதான் எரிஞ்சிக்கிட்டு இருக்குது அண்ண" என்று சூளையைக் காட்டுவார். அது வெறும் பேச்சு இல்லை. சூளை போனால் அவருக்கு நிலமும் இல்லை, தொழிலும் இல்லை.

அந்தச் சூளை ஒரு நீளமான செங்கல் குகை. உள்ளே தண்டவாளம், அதன் மேல் வரிசையாக டிராலிகள், டிராலிகளின் மேல் அடுக்கடுக்காகச் சரக்கு. நடுவில் தீ. குகை வாயில் இடுப்பளவு குழிக்குள் ஹைட்ராலிக் கை ஒன்று உண்டு. அது ஒரு டிராலியைத் தள்ளினால் உள்ளே உள்ள அத்தனையும் ஒரு டிராலி தூரம் நகரும், கடைசியில் ஒன்று வெந்து வெளியே வரும். கை முழுதாகப் போய்ச் சேர்ந்ததும், கட்டை விரல் தடிமனில் ஒரு சென்சார் அதைப் பார்த்து "வந்துடுச்சு" என்று பெட்டிக்குச் சொல்லும். இரும்பு பக்கத்தில் வந்தாலே போதும், தொடக்கூட வேண்டாம். பெட்டி உடனே கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளும். இந்தத் தள்ளல் நின்றுபோனால் தீக்கு நேரே நிற்கிற சரக்கு வேண்டியதற்கு மேல் வெந்து, உருகி, ஒன்றோடொன்று ஒட்டி, சரிந்து சுவரில் சாயும். பிறகு தீயை அணைத்து, குகையை உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஆடி மாசம், மத்தியானம், கடையில் இருந்தேன். போன் வந்தது.

"அண்ண, பொட்டி போயிடுச்சு அண்ண."

"யாரு சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்க. உள்ள சிப்பு எரிஞ்சி போச்சாம்."

"எல்லாரும்னா? டீக்கடையிலயா?"

"ஆமா அண்ண." வண்டியை எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது பர்னர்களைக் குறைத்து வைத்திருந்தார்கள். பக்கச் சுவர் இல்லாத கொட்டகை. காற்று அடித்து வாரிப்போட்டது, பீங்கான் தூள் கண்ணில் விழுந்தது. சூளைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மனைவி கொஞ்சம் தள்ளி, கையில் ஒரு மஞ்சப்பையோடு நின்றிருந்தாள்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"போன வெள்ளிக்கெழமலேர்ந்து. மொத நாளு ஒரு தடவதான். அப்பறம் அடிக்கடி. இன்னிக்கிக் காலையிலேர்ந்து ஒரே தகராறு. தள்ளப் போவுது, பாதி தூரம்கூட போவல, திரும்பி வந்துடுது. பொட்டியில என்னமோ இங்கிலீசுல எழுத்து வருது. கெடக்குதுன்னு திருப்பிப் போட்டா ஒரு தடவ போவுது, ஒரு தடவ போவல."

"பொட்டி எரிஞ்சா ஒரு தடவ போவும், ஒரு தடவ போவாதுன்னு இருக்காது தம்பி. எரிஞ்சது எரிஞ்சதுதான். இது வேற."

எனக்கு உள்ளங்கை அரிக்க ஆரம்பித்துவிட்டது. இந்த மாதிரி வந்து வந்து போகிற கோளாறு என்றால் எனக்குக் கல்யாணச் சாப்பாடு மாதிரி.

பெட்டியும் ஒயர்களும் அடங்கிய பேனலைக் கட்டிக் கொடுத்தது கோயமுத்தூர்க்காரர்கள். அங்கே போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள், அங்கே இன்ஜினியர். வரைபடம் அவள் கையில், பெட்டி என் கண் எதிரில். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி.

"சொல்லுங்க அண்ணா, மேல் வரிசையில எதெது எரியுதுங்க?"

"இரும்மா. மொதல்ல நீ சொல்லு, கை பின்னாடி நிக்கிறப்ப எது எரியணும், எது எரியக் கூடாது?"

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. "அண்ணனுக்கு அனுபவம் இருக்குதுங்க போல."

"இருக்குது. நீ சொல்லு."

"மூணாவது எரியோணும். நாலாவது எரியக் கூடாதுங்க. நாலாவது, கை முன்னாடி போய்ச் சேர்ந்ததுக்கு."

பார்த்தேன். மூன்று எரிந்தது. நான்கு அணைந்திருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். காற்று ஒரு வீச்சு வீசியது. நாலாவது விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. இன்னொரு தடவை. கை அசையவே இல்லை, பின்னாலேயே நிற்கிறது. ஆனால் பெட்டியின் காதில் யாரோ "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று ஓதுகிறார்கள்.

"புடிச்சிட்டம்மா" என்றேன். "நாலாவது மினுக்குது. நாலாவது ஒயர புடுங்கிப் பாக்கறேன்."

"நில்லுங்க நில்லுங்க. ஆட்டோல இருக்கறப்ப புடுங்காதீங்க. கை முன்னாடி போச்சுன்னா நிறுத்தறதுக்கு ஆள் இல்லாம போயிரும். மேனுவல்ல போட்டுட்டுப் புடுங்குங்க."

நல்ல பெண். அந்த ஒரு சொல்லுக்கு அவளுக்கு அரை மார்க் கொடுத்தேன். பெட்டி தானாகத் தள்ளுகிற ஆட்டோவிலிருந்து, நாம் பட்டன் அழுத்தினால்தான் நகர்கிற மேனுவலுக்கு மாற்றி, ஸ்குரூவைத் தளர்த்தி, நாலாவது ஒயரை வெளியே எடுத்தேன். விளக்கு அணைந்தது. காற்று வீசியது, எரியவில்லை. மறுபடி வீசியது, எரியவில்லை. ஒயரைச் சொருகினேன், மறுபடி மினுக்கத் தொடங்கியது.

சூளைக்காரரின் தோளில் ஒரு தட்டுத் தட்டினேன். "தம்பி, உன் பொட்டி உத்தமம். காதுல வுழுந்ததுக்குத்தான் பதில் சொல்லுது. வெளியிலதான் எவனோ பொய் சொல்றான். புதுப் பொட்டிக்கு ஆர்டர் கீர்டர் போட்டுடாத."

"போட்டுட்டேனே அண்ண."

"போன் பண்ணி வாணாம்னு சொல்லு."

அவர் போன் பண்ணவில்லை. என்னையும் நம்ப முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. உள்ளே தீக்கு நேரே நிற்கிற டிராலியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று முகத்திலேயே தெரிந்தது.

ஹைட்ராலிக் கையைத் தள்ளுகிற பம்ப்பு மோட்டாரை நிறுத்தச் சொல்லிவிட்டு, போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். சென்சாரின் வாலில் அதற்கென்று ஒரு குட்டி விளக்கு உண்டு. அதுவும் மினுக்கிக்கொண்டிருந்தது. அப்படியென்றால் ஒயரும் நல்ல ஒயர். சென்சார் நிஜமாகவே எதையோ பார்க்கிறது.

"பக்கத்துல ஏதாச்சும் இரும்பு இருக்குதுங்களா? சீவல், கம்பி, ஆணி?" என்றாள் கோயமுத்தூர்ப் பெண்.

டார்ச்சைத் திருப்பினேன். சென்சாரைத் தாங்குகிற கம்பியில் கறுப்புக் கயிறு கட்டித் தொங்கியது. காற்றுக்கு ஆடி ஆடி, சென்சாரின் முகத்துக்கு நேரே போய்ப் போய் வந்தது.

"லாடம் தொங்குதும்மா. ரெண்டு."

"என்னதுங்க?"

"லாடம். குதிர கால்ல அடிப்பாங்களே, அது."

அந்தப் பக்கம் வரைபடத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஏனுங்ணா, குழிக்குள்ள குதிரை எப்படிங்க வந்துச்சு?"

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. லாடத்தைக் கையில் பிடித்தேன், விளக்கு அணைந்தது. விட்டேன், எரிந்தது. பிடித்தேன், விட்டேன். மேலே பேனலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த சூளைக்காரர் கத்தினார்: "அணைஞ்சிது அண்ண. எரியுது அண்ண. அணைஞ்சிது." சின்னப் பிள்ளைகள் மாதிரி நாங்கள் இரண்டு பேரும் அதையே செய்துகொண்டிருந்தோம். சொன்னால் நம்பமாட்டீர்கள், உடம்பு முழுக்கப் புல்லரித்தது. எத்தனையோ மோட்டார் ஓட்டியிருக்கிறேன், இந்த ருசி எதிலும் இல்லை.

மேலே ஏறி வந்து லாடங்களைக் காட்டினேன். மஞ்சப்பையோடு நின்ற பெண் முன்னால் வந்தாள்.

"நாந்தான் மாமா கட்டுனேன்" என்றாள் என்னிடம். "வரவங்க எல்லாம் கேட்டாண்ட நின்னு சூளை வாயையே பாக்கறாங்க. நெலம் போயும் இவ்ளோ பெரிய சூளையான்னு கேக்கறாங்க. கண்ணு படக் கூடாதுன்னு வெள்ளிக்கெழம கட்டுனேன்."

"ரெண்டு எதுக்கும்மா?"

"ஒண்ணு கட்டுன அன்னிக்கே நின்னுபோச்சி. கண்ணு பலமா இருக்குது போலன்னு இன்னொண்ணும் கட்டுனேன்." மஞ்சப்பையைப் பிரித்தாள். "அதுக்கப்பறம் இன்னும் அதிகமா நின்னுது. சாயங்காலம் இதையும் கட்டலாம்னு வெச்சிருக்கேன்."

உள்ளே மூன்றாவது லாடம், எண்ணெய் தடவி, பளபளவென்று.

சூளைக்காரர் கையை ஓங்கிக்கொண்டு வந்தார். "ஒன்னால என் நெலமே..." என்று அவர் தொடங்க, நான் குறுக்கே போய் நின்றேன்.

"தம்பி, கைய எறக்கு. ஒன் சூளைக்கு நல்லது நெனச்சிதான் செஞ்சிருக்குது. பொட்டிய எரிஞ்சி போச்சின்னு டீக்கடையில தீர்ப்பு வாங்குனது நீ." பிறகு அவளிடம் திரும்பினேன். "ஏம்மா, கண்ணு வெக்கிறவன் எங்க நிக்கிறான்?"

"கேட்டாண்ட."

"அப்ப அவன் கண்ணுல படற மாதிரி கேட்டுலதான கட்டணும்? குழிக்குள்ள கட்டுனா எவன் பாப்பான்? மூணையும் அங்க கட்டு."

அவள் யோசித்தாள். நியாயமாகப் பட்டது போல. என் கையில் இருந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு கேட்டுப் பக்கம் போனாள்.

ஆனால் வேலை முடியவில்லை. தீக்கு நேரே அந்த டிராலி நிறைய நேரம் நின்றுவிட்டது. சரக்கு சரிந்து சுவரில் ஒட்டியிருந்தால், இப்போது தள்ளினால் குகையே இடிந்துவிடும். அதையும் போனில் சொன்னேன்.

"ஆட்டோல வேண்டாங்க. மேனுவல்ல துளித் துளியா அழுத்துங்க. பிரஷர் முள்ளைப் பாத்துக்கிட்டே. அது ஏறுச்சுன்னா உள்ள ஏதோ தடுக்குதுன்னு அர்த்தங்க. முள்ளு செவப்புக் கோட்டுக்குப் பக்கத்துல போச்சுன்னா விட்டுருங்க, அதுக்கு மேல ஆசைப்படாதீங்க."

பம்ப்பு ஓடியது. நான் பட்டனில் விரல், சூளைக்காரர் முள்ளில் கண்.

"ஏறுது அண்ண."

விட்டேன். அழுத்தினேன்.

"ஏறுது. இன்னும் ஏறுது. அண்ண, கோட்டாண்ட வந்துடுச்சி அண்ண."

விட்டுவிட்டேன். சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. சூளைக்காரர் வாய்க்குள்ளே ஏதோ சாமி பேரைச் சொன்னார். நான் இன்னொரு தடவை, இந்தத் தடவை தொட்டும் தொடாமலும், அழுத்தினேன். குகைக்குள்ளே எங்கேயோ தண்டவாளம் முனகியது.

"எறங்குது" என்றார். "முள்ளு எறங்குது அண்ண. போவுது. போவுது."

கை நீண்டு போனது, போய்க்கொண்டே இருந்தது, முழுதாகப் போய் நின்றது. நாலாவது விளக்கு எரிந்தது. மினுக்கவில்லை, நின்று எரிந்தது. மேனுவலில் கையைப் பின்னால் கொண்டுவந்து ஆட்டோவில் போட்டேன். அடுத்த முறை பெட்டியே தள்ளியது, பெட்டியே இழுத்துக்கொண்டது. கோயமுத்தூர்ப் பெண்ணிடம் "கேளும்மா" என்று போனைப் பம்ப்புப் பக்கம் நீட்டினேன். "கேக்குதுங்க, கேக்குதுங்க" என்று அவளும் அங்கே கத்தினாள். இன்னொரு அரை மார்க்கையும் அப்போதே கொடுத்துவிட்டேன். எனக்கு வழக்கம்போல முழு மார்க்.

சூளைக்காரர் தள்ளிப் போய் யாருக்கோ போன் பண்ணினார். "பொட்டி வாணாம் சார்" என்று சொன்னது காதில் விழுந்தது.

தீக்கு நேரே நின்ற அந்த டிராலி நகர்ந்து நகர்ந்து ஆறி வெளியே வர மறுநாள் ஆகிவிட்டது. எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. காயில் கட்ட உட்கார்ந்தால் கம்பி கையில் சுற்றிக்கொண்டது. கடையைப் பூட்டிவிட்டுப் போய்விட்டேன்.

குகையின் வால் பக்கம் மூன்று பேரும் நின்றோம். கதவு மேலே ஏறியது. டிராலி வந்தது. மேல் அடுக்கு முழுக்கப் பழுப்பாகி, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. சாய்ந்த பக்கத்தில் சுவரை உரசிய வெள்ளைத் தடம். அதைப் பார்த்ததும் சூளைக்காரர் இரண்டு அடி பின்னால் போனார். அவர் மனைவிதான் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கீழ் அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள், இரண்டையும் தட்டினாள். கிணிங் என்றது. அடுத்த அடுக்கு, கிணிங். அதற்கும் அடுத்தது, கிணிங். மேல் அடுக்கைத் தவிர எல்லாம் பால் மாதிரி.

"நெலம் இருக்குது" என்றாள் புருஷனைப் பார்த்து.

அவர் பர்னர் பக்கம் போய், பயத்தில் இன்னும் குறைத்தே வைத்திருந்ததை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். பிறகு ஆட்களைப் பார்த்து, "என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, வாயில டிராலி காலியா நிக்குது. ஏத்துங்க" என்றார்.

சரக்கு ஏற்றுவது என் வேலை இல்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நானும் இரண்டு அடுக்கு ஏற்றினேன். கை சும்மா இருந்தால்தானே.