முழு மயக்கமா, முகம் மட்டுமா

சர்க்கரை நோய்க்காக எடையைக் குறைத்ததில் உடம்பு தேறியது, முகம் தொங்கிப்போனது. கிடர்பூர் துறைமுகத்தில் என் கப்பல் ஏஜென்சி ஆபீசுக்கு வரும் லாரிக்காரர்கள்கூட, "தாதா, என்ன வியாதி?" என்று வங்காளி வழக்கப்படி அண்ணன் முறை வைத்துக் கேட்க ஆரம்பித்தார்கள். பதில் சொல்லி அலுத்துப்போய், முகத் தோலை இழுத்துத் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் செய்துகொள்வது என்று முடிவெடுத்தேன்.

அந்த முடிவு சுலபமாகத்தான் இருந்தது. மயக்க மருந்துதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

பாலிகஞ்சில் நான் பார்த்த சர்ஜன், "முகத்தை மட்டும் மரக்கச் செய்து, லேசான தூக்கத்தில் வைத்துச் செய்யலாம். முழு மயக்கத்திலும் செய்யலாம். உங்கள் இஷ்டம்" என்றார்.

"எனக்கு எது நல்லது டாக்டர்?"

"இரண்டுமே நல்லதுதான்."

முன்பு குடலிறக்க ஆபரேஷனுக்கு முழு மயக்கம் கொடுத்தபோது, நாள் முழுக்க வாந்தி எடுத்தவன் நான். அதைச் சொன்னேன். இப்போது நல்ல மருந்துகள் வந்துவிட்டன என்றார்.

"அப்போ முழு மயக்கமே கொடுத்துடலாமா?"

"உங்கள் இஷ்டம்."

மயக்க மருந்து டாக்டரிடம் போனேன். "உங்களுக்கு பிரஷர் இருக்கு. அரைகுறையா விழிச்சிருந்தா பயத்துல ஏறலாம். ஏறினா தோலுக்கடியில ரத்தம் கட்டும். முழு மயக்கம் கொடுத்து வாந்தி எடுத்தாலும் அதே ஆபத்துதான்" என்றார். எதைத்தான் எடுத்துக்கொள்வது என்று கேட்டேன். "சர்ஜன் என்ன சொன்னார்?" என்று திருப்பிக் கேட்டார்.

வீட்டில் மனைவியிடம் கேட்டேன்.

"இந்த வயசுல யாருக்குக் காட்டப் போறீங்க?" என்றாள்.

நான் கேட்டது அதுவா?

கடைசியில் வாந்திக்குப் பயந்து, முகத்தை மட்டும் மரக்கச் செய்யும்படி சொல்லிவிட்டேன். ஆபரேஷன் அன்று சர்ஜன் என் கன்னத்திலும் காதோரத்திலும் ஊதா மையால் கோடுகள் போட்டார். மேஜையில் படுக்க வைத்ததும் என் பிரஷர் ஏறியது. மருந்து கொடுத்தார்கள், இறங்கவில்லை. சர்ஜன் குனிந்து, "ரிலாக்ஸ்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரஷர் இன்னும் ஏறியது.

"இன்னிக்கு வேண்டாம்" என்றார் மயக்க மருந்து டாக்டர். "பிரஷரைக் கட்டுப்படுத்திட்டு வாங்க. உங்களுக்கு முழு மயக்கம்தான் சரிப்படும்."

இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

முகத்தில் கோடுகளோடு, மனைவியுடன் டாக்ஸியில் வீடு திரும்பினேன். டிரைவர் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். மனைவி கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தாள்; மை போகவில்லை. சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சில வாரம் கழித்து, பிரஷர் இறங்கிய பிறகு, முழு மயக்கத்தில் ஆபரேஷன் நடந்தது. கண் விழித்தபோது தொண்டை கரகரத்தது. முகம் இறுக்கிக் கட்டியதுபோல் இருந்தது. வாந்தி மட்டும் வரவே இல்லை. இதற்கா அத்தனை நாள் அலைந்தேன் என்று ஆத்திரம்தான் வந்தது.

தையலைக் காட்டப் போனபோது சர்ஜனுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "உங்களுக்கு முழு மயக்கம்தான் சரின்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றார்.

நறுக்கென்று ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். காதோரம் தையல் சுரீரென்று இழுத்தது. எழுந்து வந்துவிட்டேன்.