மிஸ்ஸி தெய்வானை கத்திய சொல்

"நான் என்ன சொன்னேன்?"

தெய்வானை கேட்ட முதல் கேள்வி அதுதான். கேட்டைக்கூடத் திறக்கவில்லை. இடது மணிக்கட்டில் கட்டு. வெள்ளை நர்ஸ் சீருடையின் ஓரமெல்லாம் செம்மண். வெயிலில் நெடுந்தூரம் நடந்து வந்தவள் என்று பார்த்தாலே தெரிந்தது.

பிள்ளைகளின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்த கமலவேணி எழுந்து வந்தாள். "எப்போ மிஸ்ஸி?"

"கோயில் முன்னாடி நான் விழுந்தப்போ. போலீஸ்காரருக்கு இங்கிலீஷ்ல எடுத்துச் சொன்ன சிக்கு நீதானே? நான் என்ன சொன்னதாச் சொன்னே?"

ஆசிரியைகளை ஊரே அழைக்கும் 'சிக்கு' என்ற சொல் அவள் வாயில் வசவு மாதிரி விழுந்தது.

"நீங்க... தப்பு, தப்புன்னு சொன்னீங்க."

"எந்த பாஷையில?"

"தமிழ்ல."

"எனக்குத் தமிழ் பேச வருமா?"

கமலவேணி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் அம்மா சாரதாம்பாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி வந்து வாசலை மறித்து நின்றுகொண்டாள். அதுவரை மலாயில் நடந்த பேச்சு அவளால் தமிழுக்குத் தாவியது.

"தெய்வானைன்னு பேரு. நெத்தியில திருநீறு. தமிழ் தெரியாதுன்னா யாரும்மா நம்புவா?"

தமிழில் திட்டினால் தெய்வானைக்குப் புரியும். பதில்தான் மலாயில் வரும். "திருநீறு நெத்தியிலதான் இருக்கு. நாக்குல பூசலே" என்றாள். கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். வழியில் நின்ற சாரதாம்பாளைப் பார்த்து, "தெப்பி" என்றாள்.

"என்னது தப்பு? எம்பொண்ணு என்ன தப்பு பண்ணிட்டா?"

தெய்வானை கமலவேணியின் பக்கம் திரும்பினாள். "கேட்டியா? தாய்க்கும் மகளுக்கும் ஒரே காது. சரி, நீ சொல்லு. பாசார்ல மீன்கூடையைத் தூக்கிட்டு வர்றவன் என்னன்னு கத்துவான்?"

"தெப்பி, தெப்பின்னு" என்றாள் கமலவேணி. சொல்லி முடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்த சொல் அவள் காதில் சரியாக விழுந்தது. தெப்பி. ஓரம் போ. விலகு. மலாயில் மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த சொல்.

"அதைத்தான் நானும் கத்தினேன்."

"சரிம்மா, ஒரே ஒரு வார்த்தைதானே" என்று சாரதாம்பாள் இறங்கி வந்தாள்.

"ஒரே வார்த்தைதான். அதுக்கு என் சைக்கிளைப் பிடுங்கிட்டாங்க."

அதற்கு மேல் அவள் நிற்கவில்லை. வந்த வழியே காஜா பெராங் சாலையில் நடந்தாள்.

கமலவேணி அன்று ஒரு நோட்டும் திருத்தவில்லை. மூன்று வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமையை மறுபடியும் மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள்.

ஐம்பத்தேழாம் ஆண்டு மே மாதம். காலை எட்டு மணி இருக்கும். ஜாலான் துக்காங் எமாஸ் குறுகலான தெரு. ஒரு பக்கம் கார் நின்றால் மறுபக்கம் மூன்று சக்கரத் திரிஷா வண்டி போவதற்குள் திணறிவிடும். கமலவேணி விநாயகரைக் கும்பிட்டுவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஓரமாகத் தன் மோரிஸ் காரை நிறுத்தியிருந்தார் ராஜரத்தினம். ரோடு போடும் குத்தகைதாரர். ஆகஸ்டில் வரப்போகும் சுதந்திரத்துக்கு ஊரெல்லாம் தோரணவளைவு கட்டும் வேலையும் அவர் கையில்தான். பின்னால் மணியோசை கேட்டது. பிறகு ஒரு பெண்குரல், "தெப்பி! தெப்பி!" அவர் திரும்பியும் பார்க்காமல் கார்க்கதவை அகலத் திறந்தார். சைக்கிள் கதவில் மோதி, வெள்ளைச் சீருடை தெருவில் உருண்டது. பையிலிருந்த டெட்டால் பாட்டில் உடைந்து, கோயில் வாசலில் ஆஸ்பத்திரி வாசம் அடித்தது.

தெய்வானையைத் திரிஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பிறகு வந்த போலீஸ் அதிகாரி வெள்ளைக்காரர். ராஜரத்தினம் நெளிந்த கதவைத் தடவிக்கொண்டே, "அவளே தப்பு தப்புன்னு கத்துனா சார்" என்றார். அதிகாரிக்குப் புரியவில்லை. இங்கிலீஷ் தெரிந்தவர் யார் என்று கேட்டபோது நாலு பேர் கமலவேணியைக் காட்டினார்கள். கூட்டத்தில் பேச அவளுக்குக் கூச்சம். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று, தன் குற்றம் என்று அவளே சொன்னாள் என இங்கிலீஷில் சொல்லிவிட்டாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

பொய் சொன்னோமா? இல்லை. அந்தச் சொல்லை அவள் அப்படித்தான் கேட்டாள். கம்பம் என்னும் சிற்றூரில் வாழும் மலாய்க்காரி ஒருத்தி கத்தியிருந்தால் சரியாகக் கேட்டிருக்கும். தெய்வானையே வீட்டில் உடுத்தும் மலாய் உடையான சாரோங் கெபாயாவில் வந்திருந்தாலும் சரியாகக் கேட்டிருக்கும். விநாயகர் வாசல், திருநீற்று நெற்றி, தமிழ்ப் பெயர். முகத்தைப் பார்த்தவுடனே காது தமிழுக்குத் தயாராகிவிட்டது. இதை நினைக்க நினைக்கக் கமலவேணிக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

தெய்வானை அதே காஜா பெராங்கில், சிட்டிகள் வாழும் கம்பத்தில் பிறந்தவள். பல தலைமுறைக்கு முன் வணிகத்துக்கு வந்து இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட தமிழர்களின் வழி. சாமி கும்பிடுவதில் குறையில்லை. பேச்சு மட்டும் மலாயாகிப்போன கூட்டம். பன்னிரண்டு வயதில் அண்ணனின் சைக்கிளை எடுத்து, சாரோங்கை முழங்காலுக்கு மேல் செருகிக்கொண்டு, குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்து ஓட்டக் கற்றாள். வீட்டில் அடித்தார்கள். மறுநாளும் எடுத்தாள். பிரசவம் பார்க்கப் படித்து முடித்ததும் சுகாதார இலாகா அவளுக்குக் கறுப்பு லேடீஸ் சைக்கிள் ஒன்று கொடுத்தது. பின் மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் எண். பொம்பளை சைக்கிளில் போவதா என்று முகம் சுளித்த வீடுகளில் அடுத்தடுத்துப் பிள்ளை பிறந்தது. பிறகு யாரும் சுளிக்கவில்லை.

நாளுக்குப் பதினாலு மைல். பிறந்த குழந்தையைப் பத்து நாள் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. தெங்கேராவின் கடைத்தெருவில் மாட்டுவண்டிக்கும் லாரிக்கும் நடுவே புகுந்து, அதைத் தாண்டியதும் தார் ரோட்டை விட்டு இறங்கி, தென்னைகளுக்கு இடையே ஒற்றையடிப் பாதை. அதற்கப்பால் வயல் வரப்பு. ஒற்றை மரப்பாலம் வந்தால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொள்வாள். எந்த வளைவில் மணல் வழுக்கும், எந்த வீட்டு நாய் காலைக் கவ்வும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மணியை நம்பமாட்டாள். "மணி அடிச்சா ஆளுங்க திரும்பிப் பார்க்கிறாங்க. கத்தினாத்தான் விலகுறாங்க" என்பாள்.

விழுந்த பிறகு, போலீஸ் எழுதிய தாள் இலாகாவுக்குப் போயிற்று. குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டவளுக்கு இலாகா சைக்கிள் கிடையாது என்று முடிவானது. கை சரியானதும் ஆஸ்பத்திரிக்குள் உட்கார்ந்து பாட்டில் கொதிக்க வைக்கலாமாம். அவள் வட்டாரத்தில் புதிதாகப் பிள்ளை பிறந்த நாலு வீட்டுக்கு வேறு யாரும் போகவில்லை. கைக்கட்டோடு அவளே நடந்து போய் வந்துகொண்டிருந்தாள். அந்தச் செம்மண்தான் சீருடையில் இருந்தது.

கமலவேணி இலாகாவுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினாள். நான் கேட்டது பிழை, அவர் சொன்னது மலாய்ச் சொல், அதன் பொருள் இது. தபாலில் போட்டு நாலு நாளில் ராஜரத்தினம் அவள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவள் தற்காலிக ஆசிரியையாக இருந்த பள்ளியின் நிர்வாகக் குழுவில் அவரும் ஒருவர்.

"என்ன பாப்பா, எனக்கு எதிரா எழுதினியாமே?"

"நான் கேட்டதைத் திருத்தி எழுதினேன் ஐயா."

"சொதந்திரம் வரப்போவுது. நம்ம ஆளுங்க ஒத்துமையா இருக்கற நேரம் இது. போயும் போயும் ஒரு சிட்டிக்காரிக்காகவா?"

"அவங்களும் கோயிலுக்கு வர்றவங்கதானே?"

"கோயிலுக்கு வந்தா? தமிழ் பேசத் தெரியாதவ நம்ம ஆளா?"

"தமிழ் தெரியாதவங்க எப்படி ஐயா 'தப்பு'ன்னு கத்தியிருப்பாங்க?"

அவர் கோப்பையைத் தள்ளி வைத்தார். காப்பியைக் குடிக்காமலே எழுந்தார். "டிசம்பர் வரைக்கும்தானே உனக்கு வேலை? பார்க்கலாம்" என்று சாரதாம்பாளின் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனார். அன்று முழுவதும் சாரதாம்பாள் பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைத்தாள்.

ஜூலையில் இலாகாவிலிருந்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். வெளி வராந்தாவில் தெய்வானை உட்கார்ந்திருந்தாள். கமலவேணி பக்கத்தில் உட்காரப் போனபோது, காலியாக இருந்த நாற்காலியில் தன் பையைத் தூக்கி வைத்தாள்.

உள்ளே மேசைக்குப் பின்னால் வெள்ளைக்கார டாக்டர். பக்கத்தில் தலைமைக் குமாஸ்தா. கமலவேணி இரண்டு சொற்களையும் இங்கிலீஷில் விளக்கினாள். அவள் குரல் மேசையின் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை. சத்தமாகப் பேசும்படி டாக்டர் இரண்டு முறை சொன்னார். குமாஸ்தா குறுக்கிட்டு, இரண்டு சொல்லும் ஏறக்குறைய ஒன்றுதான், எதைச் சொன்னாள் என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும், தாளில் எழுதியது எழுதியதுதான் என்றார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

கமலவேணிக்கு முகம் சுட்டது. தெருவில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதற்காக ஒரு பெண்ணின் பிழைப்பை அவசரமாக இங்கிலீஷில் முடித்துவிட்ட அந்த வாய், இப்போது மட்டும் ஏன் முணுமுணுக்கிறது?

"தெப்பி!" என்று கத்தினாள். "தெப்பி! தெப்பி!"

அவள் வாழ்நாளில் அவ்வளவு உரக்கக் கத்தியதில்லை. கதவருகே தேநீர்த் தட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்த மலாய் பியூன் துள்ளி விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஒரு கோப்பை உருண்டு விழுந்து உடைந்தது.

டாக்டர் பியூனைப் பார்த்தார். பியூன் எதற்கு விலகினோம் என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். டாக்டர் பேனாவை எடுத்து, தாளில் அந்த ஒரு வரியை மட்டும் கோடு போட்டு அடித்தார்.

சைக்கிள் திரும்பி வந்தது. கதவைத் திறந்தவர் கவனிக்காமல் திறந்தார் என்று எந்தத் தாளிலும் யாரும் எழுதவில்லை. ஆகஸ்டில் அவர் கட்டிய வளைவுகளுக்கு அடியில்தான் ஊர்வலம் போயிற்று; பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நடத்திக்கொண்டு கமலவேணியும் போனாள். டிசம்பருக்குப் பிறகு அவள் வேலை நீளவில்லை. அதற்கும் காரணம் எழுதப்படவில்லை.

தெய்வானை நன்றி சொல்லவில்லை. கமலவேணி எதிர்பார்க்கவும் இல்லை. இவள் புதிதாக எதைக் கொடுத்துவிட்டாள்? பிடுங்கியதைத்தானே. ஆனாலும் சைக்கிள் வந்த மறுநாள் காலை அது கமலவேணியின் வீட்டு வாசலில் வந்து நின்றது. தெய்வானை இறங்கவில்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி, முன்கூடையிலிருந்து பிஸ்கட் டின்னை வெட்டித் தட்டிய தகடு ஒன்றையும், சின்ன டப்பா வெள்ளைப் பெயிண்டையும், தூரிகையையும் எடுத்து நீட்டினாள்.

"அந்தச் சொல்லை இதுல எழுதிக் கொடு. பெருசா எழுது, முன்னாடி கட்டணும். தமிழ் எழுத்துல எழுது சிக்கு. உங்க ஆளுங்களுக்குக் காதுதான் சரியில்லை. கண்ணாவது தெரியுதான்னு பார்க்கிறேன்."