ஸ்பேனர் வாங்கினால் மிக்சர் இலவசம்

இன்று காலை தள்ளுபடி சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். வீட்டு மோட்டாரில் ஒரு நட்டு கழன்றிருக்கிறது. முறுக்குப் பாக்கெட்டுகளுக்குப் பக்கத்திலேயே ஸ்பேனர் செட் அடுக்கியிருந்தார்கள். செட்டுக்கு ஒரு மிக்சர் பாக்கெட் இலவசம்.

ஒரு செட்டைக் கையில் எடுத்தபோது, கணபதி பகுதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். மோட்டார் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏனுங்க, இதையப் போயி வாங்கறீங்களா?" என்றவர், ஒரு ஸ்பேனரை எடுத்துக் கடை அலமாரியின் நட்டில் மாட்டித் திருகினார். நட்டு அசையவில்லை. ஸ்பேனர் வாயைப் பிளந்தது.

"அண்ணா, அது விக்கற சாமானுங்க!" என்று விற்பனைப் பெண் பதறினார்.

"நானே வாங்கிக்கறேன் அம்மணி. இன்னும் ரெண்டு செட்டு குடுங்க."

"மிக்சருக்குங்களா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க. பட்டறைக்கு இரவல் கேட்டு வாரவங்க ஒண்ணையும் திருப்பித் தாரதில்லீங்க. இல்லீன்னு சொல்லவும் வாய் வர மாட்டேங்குது. இனி இதையக் குடுத்துப்போடலாம்."

பிறகு மிகுந்த மரியாதையுடன், "நீங்க சாயங்காலம் வாங்க, ஸ்பேனர் நான் தாரேன்" என்றார்.

அவருடைய குறடு ஒன்று போன வருடத்திலிருந்து என் வீட்டில் இருக்கிறது. எனக்கு எந்த ஸ்பேனர் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்?